கடைச் சலாமிக்குப் பதில் வீட்டிலேயே கோழிச் சீவல்: முதன்முறை செய்பவர்களுக்கு

காலை அவசரத்தில் ஹாம் அல்லது சலாமி பாக்கெட்டைப் பிரித்து ரொட்டிக்குள் வைப்பதுபோல் சுலபமான வேலை வேறில்லை. அந்தச் சுலபத்தைக் கைவிடச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள், நானே கேட்கவில்லை. அதனால் அதே வசதியைத் தரும் கோழிச் சீவலை வீட்டில் செய்யப் பழகினேன். கைவேலை அரை மணி நேரம்தான், மற்றதெல்லாம் காத்திருப்பு.

ஏன் மெனக்கெட வேண்டும்? உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, 2015-இல் ஹாம், சலாமி போன்ற பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் சேர்த்தது. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் சுமார் 18 சதவீதம் கூடும் என்றும் கணித்தது. புகையிலையும் அதே பிரிவில்தான் இருக்கிறது. அதற்காக இரண்டும் ஒரே அளவு ஆபத்து என்று பொருளில்லை. சான்று எவ்வளவு உறுதியானது என்பதையே அந்தப் பிரிவு காட்டுகிறது. என்றாவது ஒருநாள் தின்றதை நினைத்துப் பயப்பட வேண்டாம். தினசரிப் பழக்கத்தைத்தான் மாற்ற வேண்டும்.

இத்தகைய இறைச்சி கெடாமல் இருக்கச் சேர்க்கும் வேதிப்பொருள்தான் நைட்ரைட். ‘நைட்ரைட் சேர்க்கப்படவில்லை’ என்ற பாக்கெட்டைத் தேடி வாங்குபவர்கள் பின்பக்கத்தையும் படியுங்கள். பொருள்பட்டியலில் செலரிப் பொடி (செலரி என்ற தண்டுக்கீரையின் பொடி) இருந்தால், அதிலுள்ள இயற்கை நைட்ரேட் நைட்ரைட்டாக மாறித்தான் அந்த இறைச்சியைப் பதப்படுத்துகிறது. பெயர்தான் வேறு, வேலை ஒன்றே.

தேவையானவை: எலும்பும் தோலும் நீக்கிய கோழி நெஞ்சுக்கறி 500 கிராம், உப்பு 5 கிராம், மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி, நசுக்கிய பூண்டு 3 பல், பேக்கிங் தாள், நூல், உணவுக்கான வெப்பமானி.

1. முந்தின நாள் மாலை உப்பு தடவுங்கள். கண்ணளவு வேண்டாம், நிறுத்துப் போடுங்கள். இந்தக் கணக்கில் 100 கிராம் கறிக்கு 1 கிராம் உப்புதான் வருகிறது. கடை ஹாமில் பெரும்பாலும் அதைப்போல் இரு மடங்கு இருக்கும். மிளகையும் பூண்டையும் சேர்த்துத் தடவி, மூடி, இரவு முழுவதும் ஃபிரிட்ஜில் வையுங்கள். உப்பு உள்ளே இறங்கினால்தான் வெந்த பிறகும் கறி ஈரப்பதத்தோடு இருக்கும்.

2. சுருட்டிக் கட்டுங்கள். ஒவ்வொரு துண்டையும் தாளில் இறுக்கமாக உருட்டி, இரு முனைகளையும் மிட்டாய்போல் முறுக்கி நூலால் கட்டுங்கள். சீவல் வட்டமாக வருவது இந்த இறுக்கத்தால்தான்.

3. ஆவியில் வேகவையுங்கள். மிதமான தீயில், தடிமனைப் பொறுத்து 20 முதல் 25 நிமிடம் ஆகலாம். ஆனால் கடிகாரத்தை நம்பி இறக்காதீர்கள். வெப்பமானியை நடுப்பகுதியில் குத்திப் பாருங்கள். 74 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். நிறத்தைப் பார்த்து வெந்துவிட்டது என்று முடிவு செய்வது கோழி விஷயத்தில் ஆபத்து. அந்த அளவு வந்ததும் உடனே இறக்கிவிடுங்கள், தாண்டினால் நார் நாராக வறண்டுவிடும்.

4. ஆறவிடுங்கள். இந்தப் படியில்தான் நான் முதலில் தோற்றேன். ஆவல் தாங்காமல் சூட்டோடு சீவினேன். கத்தி பட்ட இடமெல்லாம் உதிர்ந்தது, சாறு பலகையில் வழிந்து ஓடியது. குளிர்ந்தால் அந்தச் சாறே ஜெல்லிபோல் உறைந்து நார்களைப் பிடித்துக்கொள்ளும். எனவே ஆவி அடங்கியதும், எப்படியும் 2 மணி நேரத்துக்குள், தாளோடு ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். குறைந்தது 6 மணி நேரம் தொடாதீர்கள்.

5. சீவுங்கள். தாளைப் பிரித்துப் பார்த்தால் கறியின் நார்கள் நீளவாக்கில் ஓடுவது தெரியும். அதற்குக் குறுக்காக, நீளமான கூரிய கத்தியை அழுத்தாமல் ஒரே இழுப்பில் இழுங்கள். வெளிச்சத்தில் பிடித்தால் கத்தியின் நிழல் தெரியும் அளவுக்கு மெல்லியதாக வரும். முதல் நாலைந்து சீவல் தடிமனாக வந்தாலும் பரவாயில்லை, கை தானாகப் பழகிவிடும்.

கடைப் பாக்கெட் வாரக்கணக்கில் கெடாமல் இருப்பதற்கு நைட்ரைட்டும் ஒரு காரணம்; பாட்டுலிசம் என்ற கொடிய உணவு நஞ்சாதலை உண்டாக்கும் கிருமியை அது தடுக்கிறது. நம்முடையதில் அது இல்லை. ஆகவே 4 டிகிரி அல்லது அதற்குக் கீழான குளிரில் 3, அதிகம் போனால் 4 நாள். அதற்கு மேல் வாசனை நன்றாக இருந்தாலும் வேண்டாம். கர்ப்பிணிகள் இந்தச் சீவலையும் ஆவி பறக்கச் சூடாக்கியே சாப்பிட வேண்டும், ஏனென்றால் லிஸ்டீரியா கிருமி ஃபிரிட்ஜ் குளிரிலும் வளரும்.

இறைச்சியே வேண்டாம் என்பவர்களுக்கு, வேகவைத்த கொண்டைக்கடலையை எலுமிச்சைச் சாறும் மிளகும் சேர்த்துக் கரகரப்பாக மசித்து ரொட்டியில் தடவினால் போதும்.

மீதமாகும் சீவல்களுக்கு இடையே தாள் வைத்து அடுக்கி ஃபிரீசரில் வையுங்கள், 2 மாதம் வரை சுவை குறையாது. தேவையானதை இரவே ஃபிரிட்ஜுக்கு மாற்றிவிட்டால், காலையில் ஒவ்வொன்றாக உரிந்து வரும்.