செவிலியர் தேர்வுக்கான மறுபடிப்பு: நோயாளிப் பாதுகாப்பிலிருந்து தொடங்கும் ஒரு முறை

தமிழக மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் செவிலியர் தேர்வாகட்டும், எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கான நார்செட் தேர்வாகட்டும், பாடத்திட்டத்தைக் கையில் எடுத்தவுடன் உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல், செவிலிய அடிப்படைகள், மருத்துவ அறுவைச் செவிலியம், மகப்பேறு, குழந்தை நலம், மனநலம், சமுதாய நலம் என்று ஆண்டுக்கணக்கில் படித்தவை அனைத்தும் வரிசையாக வந்து நிற்கின்றன. பெரும்பாலோர் முதல் புத்தகத்தின் முதல் பக்கத்திலிருந்து தொடங்குகிறார்கள். எலும்புகளையும் தசைகளையும் கோடிட்டு முடிப்பதற்குள் பாதி நாட்கள் போய்விடுகின்றன. மறுபடிப்புக்கு அந்த வரிசை உதவாது. ஒவ்வொரு பாடத்தையும் எடுக்கும்போது, "இந்த இடத்தில் நோயாளிக்கு என்ன கேடு நேரக்கூடும், அதை முதலில் கவனித்துத் தடுக்க வேண்டியவர் செவிலியர் என்றால் அவர் என்ன செய்வார்?" என்ற கேள்வியை முன்னால் வைத்துப் படியுங்கள். தேர்வில் யோசிக்க வைக்கும் கேள்விகள் பெரும்பாலும் இந்தக் கேள்வியின் வேறு வேறு வடிவங்களே.

அதற்கு நல்ல சட்டகமாகப் பன்னாட்டு நோயாளிப் பாதுகாப்பு இலக்குகள் ஆறும் இருக்கின்றன. நோயாளியைச் சரியாக அடையாளம் காணுதல், தகவலைப் பிழையின்றிப் பரிமாறுதல், உயர் அபாய மருந்துகளைக் கையாளுதல், சரியான நோயாளிக்குச் சரியான இடத்தில் சரியான அறுவை நடப்பதை உறுதிசெய்தல், தொற்றைக் குறைத்தல், கீழே விழுவதால் வரும் காயத்தைக் குறைத்தல் என்பவை அவை. தலைப்புகளை ஒப்பிப்பதோடு நிறுத்திவிடாமல், ஒவ்வொன்றின் கீழும் வார்டில் செய்யும் செயலை எழுதிக்கொள்ளுங்கள். அடையாளம் காண இரண்டு விவரங்கள் வேண்டும். பெயரும் மருத்துவமனைப் பதிவு எண்ணும் போதும், ஆனால் படுக்கை எண்ணும் அறை எண்ணும் அடையாளமாகா. தொலைபேசியில் மருத்துவர் மருந்து சொன்னால் எழுதிக்கொண்டு, எழுதியதைத் திருப்பிப் படித்துக் காட்டி, அவர் உறுதி செய்த பிறகே செயல்பட வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட அறுவைப் பாதுகாப்புப் பட்டியல் மூன்று கட்டங்களைக் கொண்டது: மயக்க மருந்து கொடுக்கும் முன், தோலைக் கீறும் முன், நோயாளி அறுவை அரங்கை விட்டு வெளியேறும் முன். பஞ்சு, ஊசி, கருவிகளின் எண்ணிக்கை சரியாக இருக்கிறதென்று உரக்கச் சொல்லி உறுதிப்படுத்துவது மூன்றாவது கட்டத்தில் வருகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தொற்றுத் தடுப்பைச் சீக்கிரமே முடித்துவிடலாம், ஏனெனில் அங்கே விதிகள் தெளிவானவை. கை சுத்தத்துக்கான ஐந்து தருணங்களில் இரண்டு 'முன்', மூன்று 'பின்': நோயாளியைத் தொடும் முன், கிருமி நீக்கிய செய்முறைக்கு முன், உடல் திரவம் பட வாய்ப்பிருந்த செயலுக்குப் பின், நோயாளியைத் தொட்ட பின், நோயாளியைச் சுற்றியுள்ள பொருட்களைத் தொட்ட பின். ஆல்கஹால் திரவத்தால் தேய்க்க 20 முதல் 30 விநாடியும், சோப்பும் நீரும் கொண்டு கழுவ 40 முதல் 60 விநாடியும் ஆகும். கையில் அழுக்கோ இரத்தமோ கண்ணுக்குத் தெரிந்தாலும், கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் போன்ற வித்துக்களை உண்டாக்கும் கிருமி இருந்தாலும் ஆல்கஹால் போதாது, கழுவியே ஆக வேண்டும்.

மருத்துவக் கழிவுக்கு 2016-ஆம் ஆண்டு விதிகள் சொல்லும் பை, பெட்டி நிறங்களைப் படிக்கும்போது, தவறாக விடையளிக்கப்படும் பொருட்களை மட்டும் தனியே எடுத்துப் பாருங்கள். திரவம் ஏற்றும் ஐ.வி. செட்டும் கையுறையும் சிவப்புக்குப் போகும், ஆனால் இரத்தம் மிச்சமிருக்கும் இரத்தப்பை மஞ்சளுக்குப் போகும். ஊசி, பிளேடு வெள்ளை நிற, குத்தித் துளைக்க முடியாத பெட்டிக்கும், உடைந்த ஆம்பியூல் நீலத்துக்கும் போகும். காலாவதியான மருந்து மஞ்சள். கையில் ஊசி குத்திவிட்டால் பிழிந்து இரத்தம் எடுக்கக் கூடாது. சோப்பும் நீரும் கொண்டு கழுவி, உடனே தெரிவித்து, எச்.ஐ.வி. தடுப்பு மருந்தைக் கூடுமானவரை 2 மணி நேரத்துக்குள், எப்படியும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் எடுக்க வேண்டும்.

அதிக நேரத்தை மருந்துக்குக் கொடுங்கள். மருந்தியலை நோய் வாரியாகப் படித்ததை ஒதுக்கிவைத்துவிட்டு, உயர் அபாய மருந்துகளைத் தனிக் குறிப்பேட்டில் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு விவரங்களை எழுதுங்கள்: கொடுக்கும் முன் எதைப் பார்க்க வேண்டும், எந்த அளவு கண்டால் நிறுத்த வேண்டும், நச்சு முதலில் எப்படி வெளிப்படும், முறிமருந்து என்ன. டிஜாக்சினுக்கு முன் இதய நுனித் துடிப்பை முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். பெரியவர்களுக்கு 60-க்குக் கீழ் இருந்தால் கொடுக்காமல் தெரிவிக்க வேண்டும். ஹெப்பரினுக்குப் புரோட்டமின் சல்ஃபேட், வார்ஃபரினுக்கு வைட்டமின் கே, பாராசிட்டமாலுக்கு அசிட்டைல் சிஸ்டைன், மார்ஃபினுக்கு நாலாக்சோன், பூச்சிக்கொல்லியான ஆர்கனோபாஸ்பரசுக்கு அட்ரோபினும் பிராலிடாக்சிமும் என்று முறிமருந்து வரிசை நீளும்.

மெக்னீசியம் சல்ஃபேட்டை மட்டும் ஆற அமர உட்கார்ந்து படிக்க வேண்டும், ஏனெனில் மகப்பேறு, மருந்தியல், கணக்கு மூன்றும் அதில் ஒன்றாக வருகின்றன. வலிப்பு வந்த கர்ப்பிணிக்குப் பிரிட்சர்டு முறையில் நரம்பு (சிரை) வழி 4 கிராம், இரண்டு புட்டத்திலும் 5 கிராம் வீதம் 10 கிராம், ஆக முதல் அளவு 14 கிராம். கையில் இருப்பது 50 சதவீதக் கரைசல், 2 மில்லி ஆம்பியூலில் 1 கிராம். அப்படியென்றால் ஒரு புட்டத்துக்கு ஐந்து ஆம்பியூல், 10 மில்லி. நரம்பு வழிக்கு நான்கு ஆம்பியூல், அதாவது 8 மில்லி; அதை 20 சதவீதமாக்க 12 மில்லி நீர்மம் சேர்த்து 20 மில்லியாக்கி மெதுவாகச் செலுத்த வேண்டும். அதன்பின் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை 5 கிராம், புட்டம் மாற்றி மாற்றி. ஒவ்வொரு முறையும் அடுத்த ஊசிக்கு முன் மூன்றைப் பார்க்க வேண்டும்: முழங்கால் அனிச்சை இருக்கிறதா, மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் குறையாமல் இருக்கிறதா, சிறுநீர் மணிக்கு 30 மில்லிக்குக் குறையாமல் வருகிறதா. இவற்றுள் முதலில் மறைவது முழங்கால் அனிச்சை, மூச்சு அடங்குவது அதற்குப் பிறகுதான். ஆகவே 'நச்சின் முதல் அறிகுறி' என்ற கேள்விக்கு விடை அனிச்சை இழப்பு. முறிமருந்து 10 சதவீதக் கால்சியம் குளுக்கோனேட் 10 மில்லி, மெதுவாக நரம்பு வழி. இந்த ஒரு மருந்தை இப்படி முழுதாகப் படித்துவிட்டால் மற்ற உயர் அபாய மருந்துகளையும் எப்படிப் படிக்க வேண்டும் என்பது தானே புரியும்.

இன்சுலினில் இந்திய வார்டுகளுக்கே உரிய ஓர் ஆபத்து உண்டு. இங்கே குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். மில்லிக்கு 100 யூனிட் குப்பிகளும் கிடைக்கின்றன. சிரிஞ்சும் அதற்கேற்ப இரண்டு வகை, 40 யூனிட் சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100 யூனிட் சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. நோயாளிக்கு 20 யூனிட் எழுதியிருக்கிறது என்று கொள்வோம். மில்லிக்கு 100 யூனிட் உள்ள குப்பியிலிருந்து 40 யூனிட் சிரிஞ்சில் 20-ஆம் கோடு வரை இழுத்தால் வருவது அரை மில்லி, உள்ளே போவது 50 யூனிட். எதிர்மாறாகச் செய்தால் 20-க்குப் பதில் 8 யூனிட் மட்டுமே போகும். முதலாவது சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும், இரண்டாவது சர்க்கரையைக் கட்டுப்படுத்தாமல் விட்டுவிடும். இந்தக் கணக்கைக் கையால் ஒருமுறை போட்டுப் பாருங்கள். குப்பியின் செறிவும் சிரிஞ்சும் பொருந்துகின்றனவா என்று கேட்கும் எந்தக் கேள்வியும் பிறகு குழப்பாது.

பொட்டாசியம் குளோரைடும் அப்படித்தான். 15 சதவீத ஆம்பியூல் 10 மில்லியில் 20 மில்லி ஈக்விவலன்ட் (mEq) பொட்டாசியம் இருக்கிறது. அதை நீர்க்காமல் நரம்பில் நேரடியாகச் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். சிறுநீர் பிரிகிறதா என்று முதலில் பார்ப்பதும், கரைசலில் நன்றாகக் கலப்பதும், மெதுவாக ஏற்றுவதும் கட்டாயம். வடிநீர் ஆம்பியூலோடு ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்பதற்கும் காரணம் இதுவே. டோபமின்-டோபுடமின், ஹைட்ராலசின்-ஹைட்ராக்சிசின் போல ஒலியில் நெருங்கிய பெயர்களையும் இணை இணையாக எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

மருந்துக் கணக்கைப் பார்த்துப் பயப்படுபவர்கள் பலர்; உண்மையில் முழு மதிப்பெண் உறுதியாகக் கிடைக்கும் இடம் அது. சொட்டு விகிதத்துக்கு, மில்லியைச் சொட்டுக் காரணியால் (அந்தச் செட்டில் ஒரு மில்லிக்கு விழும் சொட்டுகள்) பெருக்கி நிமிடத்தால் வகுக்க வேண்டும். 500 மில்லியை 4 மணி நேரத்தில் ஏற்ற, மில்லிக்கு 20 சொட்டு விழும் செட்டில், 500 × 20 ÷ 240 என்பது 41.6 சொச்சம், அதாவது நிமிடத்துக்கு 42 சொட்டு. குறுக்குவழியும் உண்டு: மணிக்கு எத்தனை மில்லி என்று கண்டு, 20 சொட்டு செட்டானால் 3-ஆலும் 15 சொட்டு செட்டானால் 4-ஆலும் வகுத்தால் போதும், 60 சொட்டு மைக்ரோ செட்டில் மணிக்கான மில்லியே நிமிடத்துக்கான சொட்டு. தீக்காயம் பட்டவருக்கு ஏற்ற வேண்டிய திரவத்தைக் கணக்கிடும் பார்க்லேண்ட் சூத்திரத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 60 கிலோ எடை, 30 சதவீதக் காயம் என்றால் 4 × 60 × 30 = 7,200 மில்லி, அதில் பாதியான 3,600 மில்லி முதல் 8 மணி நேரத்துக்கு. அந்த 8 மணி நேரம் தீப்பட்ட நேரத்திலிருந்து எண்ணப்படுகிறது. நோயாளி இரண்டு மணி நேரம் கழித்து வந்தால் 3,600 மில்லியை மீதி 6 மணி நேரத்தில், மணிக்கு 600 மில்லி வீதம் ஏற்ற வேண்டும். குழந்தைகள் கணக்கில் மருந்தின் வடிவத்தைப் பாருங்கள்: 8 கிலோ குழந்தைக்குக் கிலோவுக்கு 15 மில்லி கிராம் வீதம் பாராசிட்டமால் 120 மில்லி கிராம், 5 மில்லியில் 125 மில்லி கிராம் உள்ள சிரப்பில் அது 4.8 மில்லி, ஒரு மில்லியில் 100 மில்லி கிராம் உள்ள சொட்டு மருந்தில் 1.2 மில்லி. சொட்டு மருந்தைச் சிரப்பு என்று எண்ணி 4.8 மில்லி கொடுத்தால் குழந்தைக்கு நான்கு மடங்கு மருந்து போய்விடும்.

இரத்தம் ஏற்றுவதில் கேள்வி பெரும்பாலும் 'முதலில்' என்ற சொல்லைச் சுற்றியே வரும். நோயாளிக்கு நடுக்கம், இடுப்பு வலி, மூச்சுத்திணறல் தோன்றினால் முதற்செயல் இரத்தத்தை நிறுத்துவது. மருத்துவரை அழைப்பதும், இரத்த அழுத்தம் பார்ப்பதும், பையைப் பரிசோதனைக்கு அனுப்புவதும் சரியான செயல்களே, ஆனால் அவை பிறகு வருபவை. நிறுத்திய பின் புதிய செட்டில் நார்மல் சலைன் போட்டு நரம்பைத் திறந்து வைக்க வேண்டும். முதல் 15 நிமிடம் நோயாளியின் அருகிலேயே இருக்க வேண்டும், ஒரு பையை 4 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற இரண்டு கால அளவுகளையும் காரணத்தோடு படியுங்கள்: கடுமையான எதிர்வினை தொடக்கத்திலேயே தெரிந்துவிடும், நேரம் கடந்தால் பையில் கிருமி பெருகும். தடுப்பூசியிலும் இதே காரணம்தான் பேசுகிறது. பி.சி.ஜி.யையும் தட்டம்மை-ரூபெல்லா மருந்தையும் கரைத்த 4 மணி நேரத்தில் அப்புறப்படுத்துவது கிருமி வளர்ந்து நச்சு அதிர்ச்சி ஏற்படாமல் இருக்கத்தான்.

முன்னுரிமைக் கேள்விகளுக்குச் சுவாசப் பாதை, சுவாசம், இரத்த ஓட்டம் என்ற வரிசையும், 'செயலுக்கு முன் மதிப்பீடு' என்ற செவிலியச் செயல்முறை விதியும் எல்லோருக்கும் தெரியும். இரண்டும் மோதும்போதுதான் தடுமாற்றம் வருகிறது. கேள்வியிலேயே மதிப்பீடு முடிந்து ஆபத்தும் சொல்லப்பட்டிருந்தால், எடுத்துக்காட்டாக வலிப்பு நடந்துகொண்டிருக்கிறது என்றிருந்தால், மறுபடி மதிப்பிடும் விடையை விட்டுவிட்டு, நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்துச் சுவாசப் பாதையைக் காக்கும் விடையைத் தேர்ந்தெடுங்கள். தகவல் போதாமல் இருந்தால் மதிப்பீடே விடை. நான்கு நோயாளிகளில் யாரை முதலில் பார்ப்பது என்ற கேள்வியில், நோய்க்கு இயல்பான அறிகுறி உள்ளவரை விடத் திடீரென நிலை மாறியவர் முன்னால் வருகிறார்.

அளவுகோல்களை அவற்றின் திசையைக் கொண்டு இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். கிளாஸ்கோ கோமா அளவு 3 முதல் 15, பிரேடன் படுக்கைப்புண் அளவு 6 முதல் 23, பிறந்த குழந்தையின் நிலையைக் காட்டும் அப்கார் 0 முதல் 10. மூன்றிலும் எண் குறையக் குறைய ஆபத்து கூடுகிறது. கிளாஸ்கோ 8 அல்லது அதற்குக் கீழ் இறங்கினால் சுவாசப் பாதையைக் காக்க வேண்டும். பிரேடன் 18 அல்லது அதற்குக் கீழ் என்றால் புண் வரும் வாய்ப்பு உண்டு. விழும் ஆபத்தைக் காட்டும் மோர்ஸ் அளவிலும் வலி அளவிலும் எண் கூடினால்தான் ஆபத்து.

மாதிரித் தேர்வுகளை இறுதி வாரத்துக்கென்று சேர்த்துவைக்காதீர்கள்; பாடம் முடியாமலே எழுதத் தொடங்குங்கள். தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே காரணத்தை எழுதுங்கள்: தெரியவில்லை, தெரிந்தும் மறந்தது, கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லை, முன்னுரிமையில் பிசகியது. முதல் இரண்டுக்கும் புத்தகம் மருந்து. பின்னிரண்டுக்கும் எத்தனை முறை புத்தகத்தைப் புரட்டினாலும் பயனில்லை. 'தவிர', 'அல்லாதது', 'முதலில்', 'உடனடியாக' என்ற சொற்களின் கீழ்க் கோடிட்டு, ஒவ்வொரு தவறான விடையும் ஏன் தவறு என்று வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும். இரவுப் பணி பார்த்துக்கொண்டே படிப்பவர்கள், பணியில் கொடுத்த மருந்துகளில் ஒன்றை எடுத்து அந்த நான்கு விவரங்களையும் வீட்டுக்குப் போகும் பேருந்திலேயே நினைவிலிருந்து சொல்லிப் பார்க்கலாம். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு படிப்பதைவிட இப்படி நினைவிலிருந்து எடுப்பது ஆழமாகப் பதியும்.

தேர்வு அறிவிக்கையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படியுங்கள், ஏனெனில் முறை ஒவ்வோர் ஆண்டும் மாறக்கூடும். தமிழக அரசுப் பணிக்கான தேர்வுகளில் தமிழ்த் தகுதித் தாளில் 40 சதவீதம் பெற்றால்தான் பாடத்தாள் கணக்கில் எடுக்கப்படும். செவிலியப் பாடத்தில் தேர்ந்தவர்கள் இதை இலேசாக எண்ணிவிடக் கூடாது. நார்செட்டில் தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழியும் என்பதால், இரண்டு விடைகளையாவது உறுதியாக நீக்க முடிந்த கேள்விகளுக்கு மட்டும் யூகித்து எழுதலாம், மற்றவற்றை விட்டுவிடலாம். கணக்குக் கேள்வியில் மணிக்கு எத்தனை மில்லி என்று கேட்கிறார்களா, நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று கேட்கிறார்களா என்பதை விடை குறிக்கும் முன் மீண்டும் ஒருமுறை பாருங்கள். மேலே பார்த்த 500 மில்லிக் கணக்கானால் மணிக்கான 125, நிமிடத்துக்கான 42 இரண்டுமே விடைப் பட்டியலில் இருக்கும்.