கோகுரியோ யாருடையது? சீன, கொரிய வரலாற்றுச் சண்டைச் செய்தியைப் பிரித்துப் படிப்பது எப்படி

மொழிபெயர்ப்பாளர்களுக்கும் வெளிநாட்டுச் செய்திப் பக்கம் பார்க்கும் உதவி ஆசிரியர்களுக்கும், சர்வதேச உறவுகள் பாடம் படிப்பவர்களுக்கும் இது பயன்படும். கோகுரியோ என்ற பழங்கால அரசு யாருடைய வரலாறு என்று சீனாவும் தென் கொரியாவும் மோதிக்கொண்டதாக அவ்வப்போது செய்தி வரும். வந்ததும் பலர் கி.மு. முதல் நூற்றாண்டுக்குத் தாவிவிடுகிறார்கள். முதலில் அங்கே போகாதீர்கள். இன்றைக்கு எந்தக் காகிதத்தைப் பற்றிச் சண்டை என்று பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு காகிதம் இருக்கும்: ஒரு விண்ணப்பம், ஒரு இணையப் பக்கம், ஒரு பாடநூல், ஒரு அருங்காட்சியகப் பட்டியல். அது கிடைக்காமல் எழுதினால், இரண்டு பக்கக் கோபத்தையும் மாற்றி மாற்றி ஒப்பிப்பதில்தான் முடியும்.

அதற்குத் தேவையான அளவு பழைய கதை இவ்வளவுதான். மரபுக் கணக்குப்படி கோகுரியோ கி.மு. 37 முதல் கி.பி. 668 வரை இருந்த அரசு. முதல் இரண்டு தலைநகரங்கள் இன்றைய சீனாவின் லியாவ்னிங், ஜிலின் மாகாணங்களில் உள்ளன. 427-இல் சாங்சு மன்னர் தலைநகரைப் பியோங்யாங்குக்கு மாற்றினார். 668-இல் சீனாவின் தாங் பேரரசும் தெற்கே இருந்த சில்லா அரசும் சேர்ந்து அதை வீழ்த்தின. ஆக, ஒரே அரசின் தலைநகரங்கள் இன்று இரண்டு நாடுகளில் கிடக்கின்றன. உரத்துக் குரல் கொடுக்கும் மூன்றாவது நாடான தென் கொரியாவிலோ, சோல் ஓரத்து அச்சாசான் மலை அரண்கள், சுங்ஜு கல்வெட்டு என்று சுவடுகள் குறைவு.

பெயரில்தான் முதல் தவறு நடக்கும். யுனெஸ்கோ ஆவணங்களில் இது கொகுரியோ என்று பழைய ஒலிபெயர்ப்பில் இருக்கும். சீனச் செய்தியில் காவ்கௌலி என்று வரும். இரண்டும் ஒன்றே. இதைவிடப் பெரிய குழி கோரியோ. அது 918 முதல் 1392 வரை இருந்த வேறு அரசு. கொரியா என்ற பெயரே அதிலிருந்து வந்தது. சூய், தாங் காலத்துச் சீன நூல்களோ கோகுரியோவையே சுருக்கிக் காவ்லி என்று எழுதுகின்றன. கோரியோவுக்கும் சீனத்தில் அதே எழுத்துகள்தான். எனவே சீன மேற்கோளில் காவ்லி என்று கண்டால் ஆண்டைப் பார்க்காமல் மொழிபெயர்க்காதீர்கள்.

அடுத்து காகிதங்களை ஆண்டு வரிசையில் அடுக்குங்கள். 2002 பிப்ரவரியில் சீன சமூக அறிவியல் கழகத்தின் எல்லைப்புற ஆய்வு மையம் ஐந்தாண்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. செய்திகளில் வடகிழக்குத் திட்டம் என்று வருவது இதுதான். அதில் வந்த ஆய்வுகள் கோகுரியோவைச் சீனாவின் உள்ளூர் அரசு என்றன. இதற்கிடையே வட கொரியா தன் கோகுரியோ கல்லறைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலுக்கு அனுப்பியிருந்தது. 2003-இல் முடிவு தள்ளிப்போனது. சீனாவும் தன் பக்கத்து நகரங்கள், கல்லறைகளுக்கு விண்ணப்பித்தது. 2004 ஜூலை 1 அன்று, சீனாவின் சூசோ நகரில் நடந்த கூட்டத்தில், இரண்டும் ஒரே நாளில் தனித்தனிப் பெயர்களில் பதிவாயின. யுனெஸ்கோ யாருக்கும் பட்டா எழுதித் தரவில்லை. பட்டியல் இடத்தைப் பாதுகாக்கச் சொல்கிறது, வாரிசைத் தீர்மானிப்பதில்லை. இந்த ஒரு வரியை விட்டுவிட்டு எழுதப்படும் கட்டுரைகளுக்குக் குறைவே இல்லை.

அதே 2004-இல்தான் விஷயம் ஆய்வாளர்கள் கையிலிருந்து வெளியுறவுத் துறைக்குப் போனது. சீன வெளியுறவு அமைச்சகத்தின் இணையப் பக்கத்தில், கொரிய வரலாற்றுச் சுருக்கத்திலிருந்து கோகுரியோ என்ற சொல் நீக்கப்பட்டது. தென் கொரியா திரும்பச் சேர்க்கச் சொன்னது. சீனா 1948-க்கு முந்தைய வரலாறு முழுவதையும் எடுத்துவிட்டது. ஆகஸ்டில் ஒரு சீனத் துணை அமைச்சர் சோலுக்குப் போய் ஐந்து அம்சப் புரிதலுக்கு வந்தார். அது வாய்மொழிப் புரிதல். ஒப்பந்தம், உடன்படிக்கை என்றெல்லாம் எழுதக் கூடாது. கையெழுத்திட்ட தாள் இல்லை. பின்னால் ஒரு தரப்பு 'மீறிவிட்டார்கள்' என்று சொல்லும்போது எதை மீறினார்கள் என்று காட்ட முடியாமல் போவதற்கும் இதுவே காரணம்.

பேசுவது யார் என்பதையும் படிநிலையாகக் குறித்துக்கொள்ளுங்கள்: தனி ஆய்வாளர், அரசு நிதி பெறும் நிறுவனம், அமைச்சகம், தலைவர். 2006-இல் ஹெல்சிங்கியில் தென் கொரிய அதிபர் ரோ மூ ஹியூன் நேரடியாகச் சீனப் பிரதமர் வென் சியாபாவிடம் பிரச்சினையை எழுப்பியது கடைசிப் படி. ஒரு பேராசிரியரின் கட்டுரையை 'சீனா உரிமை கோரியது' என்று தலைப்பிட்டால் முதல் படியைக் கடைசிப் படியாக்குகிறீர்கள். கைமாறி வந்த பேச்சில் இன்னும் கவனம் வேண்டும். 2017 ஏப்ரலில் கொரியா ஒருகாலத்தில் சீனாவின் பகுதியாக இருந்ததாக ஒரு பேச்சு உலகம் சுற்றியது. அது ஷி ஜின்பிங் சொன்னதாக டிரம்ப் ஒரு பேட்டியில் சொன்னது. அந்த 'சொன்னதாகச் சொன்னது' தமிழில் வந்தே ஆக வேண்டும்.

இனி தமிழுக்கே உரிய சிக்கல்: கப்பம். கோகுரியோ சீன அரசவைகளுக்குத் தூதும் காணிக்கையும் அனுப்பியது, பட்டங்கள் பெற்றது. உள்ளூர் அரசு என்ற வாதத்தின் ஒரு கால் இதில் நிற்கிறது. இதைக் கப்பம், திறை என்று எழுதினால், தமிழில் அந்தச் சொற்களே தோற்ற சிற்றரசன் என்ற தீர்ப்பைச் சொல்லிவிடுகின்றன. வாதமே முடிந்துபோகும். 'தூதும் காணிக்கையும் அனுப்பிப் பட்டம் பெற்றது' என்று நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். தெற்கே இருந்த பேக்ஜே, சில்லா அரசுகளும்கூட அப்படிப் பெற்றன; ஐந்தாம் நூற்றாண்டு ஜப்பானிய மன்னர்களும் பெற்றார்கள். சோழர்கள் 1015-இலும் 1077-இலும் அனுப்பிய தூதுக்குழுக்களையும் சீனாவின் சோங் அரசு ஆவணங்கள் இதே கணக்கில்தான் எழுதின. சோழநாடு சீன மாகாணம் என்று அதைக் கொண்டு யாரும் சொல்வதில்லை.

இதனால் சீனத் தரப்பிடம் வேறு வாதமே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். ஹான் பேரரசு கி.மு. 107-இல் அமைத்த ஷுவான்து ஆட்சிப் பகுதிக்குள் கோகுரியோ முளைத்தது, வீழ்ந்தபின் மக்களில் ஒரு பெரும்பகுதி தாங் நிலத்துக்குப் போனது என்பவை அதன் கனமான வாதங்கள். 427-க்கு முன் சீன வரலாறு, பின் கொரிய வரலாறு என்று பிரித்த சீன அறிஞர்களும் முன்பு இருந்தார்கள். கொரியத் தரப்பின் கனமான வாதம் தொடர்ச்சி. 993-இல் வடக்கே இருந்த கித்தான் மக்களின் படை வந்தபோது கோரியோவின் தூதர் சோ ஹுய், 'எங்கள் பெயரே கோகுரியோவின் வாரிசு என்று சொல்கிறதே' என்ற வாதத்தை வைத்துப் பேசி, யாலு ஆற்றுக்குத் தெற்கே நிலம் பெற்றுத் திரும்பினார். பழைய வரலாற்றை வைத்து எல்லை பேசுவது 2002-இல் பிறந்த பழக்கம் அல்ல.

கல்வெட்டு ஆதாரம் வந்தால் மைப்படியின், அதாவது கல்மேல் தாள் வைத்து மை ஒற்றி எடுத்த நகலின், தேதியைக் கேளுங்கள். சீனாவின் ஜியான் நகரில், கோகுரியோ மன்னர் குவாங்கேதோவுக்காக 414-இல் நட்ட கல் ஆறு மீட்டருக்கு மேல் உயரம். எழுத்துகள் சுமார் 1,775. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாசியை நெருப்பு வைத்து அகற்றியதில் கல் சிதைந்தது. பிறகு படி தெளிவாக விழ வேண்டும் என்று சுண்ணாம்பு பூசினார்கள். சுண்ணாம்புக்கு முந்தைய மைப்படிக்கு மதிப்பு அதிகம். பிந்தைய படியில் எழுத்து தெளிவாகத் தெரிகிறது என்றால் அது சந்தேகத்துக்கே காரணம். 391-ஆம் ஆண்டைப் பற்றிய வரியில் சில எழுத்துகள் அழிந்துவிட்டன, செவ்வியல் சீனத்தில் நிறுத்தக்குறியும் இல்லை. கடல் கடந்து வென்றது ஜப்பானியரா, கோகுரியோவா என்பது எழுவாயை எங்கே வைக்கிறோம் என்பதைப் பொறுத்து மாறுகிறது. ஜப்பானிய ராணுவம் முன்பு எழுத்தை மாற்றியது என்ற குற்றச்சாட்டு 1972-இல் வந்தது. பின்னால் சீன ஆய்வாளர்கள் அதை மறுத்தார்கள். குற்றச்சாட்டை மட்டும் எடுத்து மறுப்பை விட்டுவிடாதீர்கள்.

வரைபடம் போட்டால் மேலேயே ஆண்டு எழுதுங்கள். ஆண்டில்லாத படத்தில் எல்லா அரசும் அதன் உச்ச அளவில்தான் இருக்கும். சீனாவுக்கும் வட கொரியாவுக்கும் இன்றைய எல்லையான யாலு, தூமன் ஆறுகளைப் புள்ளிக் கோட்டில் காட்டினால், படம் அன்றைய அரசைச் சொல்கிறதா இன்றைய எல்லையைச் சொல்கிறதா என்ற குழப்பம் தீரும். இந்தச் சண்டையின் அடிநெருப்பும் அந்த ஆறுகள்தான். தூமனுக்கு வடக்கே யான்பியன் கொரிய தன்னாட்சிப் பகுதி இருக்கிறது. 1909-இல் ஜப்பானும் சீனாவின் சிங் அரசும் கொரியாவைக் கேட்காமல் அந்த எல்லையை முடிவு செய்தன. அது செல்லாது என்று 2004-இல் சில தென் கொரிய எம்.பி.க்கள் தீர்மானம் கொண்டுவந்தார்கள். சீனாவின் பதற்றத்தைப் புரிந்துகொள்ள இது போதும். அந்த எல்லையில் உள்ள மலைக்கு இரண்டு பெயர்: கொரியர்களுக்குப் பேக்து, சீனர்களுக்குச் சாங்பாய். முதல் முறை வரும்போது இரண்டையும் எழுதிவிடுங்கள்.

செய்தியை மூடுமுன் அந்தக் காகிதத்தை மறுபடி திறந்து பாருங்கள். 2022-இல் பெய்ஜிங் தேசிய அருங்காட்சியகக் கண்காட்சியின் கொரிய வரலாற்றுக் காலவரிசைப் பட்டியலில் கோகுரியோவும் அதன் பின் வந்த பல்ஹே அரசும் விடுபட்டிருந்தன. தென் கொரிய தேசிய அருங்காட்சியகம் கொடுத்த பட்டியலில் அவை இருந்தன. தென் கொரியத் தரப்பு திருத்தச் சொன்னது. பெய்ஜிங் பட்டியலையே எடுத்துவிட்டது. 2004-இல் இணையப் பக்கத்துக்கு நடந்ததும் இதுதான். 'தவறு திருத்தப்பட்டது' என்று எழுதினால் தப்பு. 'பட்டியல் அகற்றப்பட்டது' என்று எழுதுங்கள்.