சான் ஹசின்டோ ஏற எந்த வழி? இறங்குவதிலிருந்து யோசியுங்கள்

கலிஃபோர்னியாவின் பாலைவன ஊரான பாம் ஸ்பிரிங்ஸ் பக்கம் முதல் தடவை காரில் போகிற யாரும் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்காமல் வந்ததில்லை. ஒரு பக்கம் காற்றாலைகளும் மணலும். இன்னொரு பக்கம் சுவர் மாதிரி எழுந்து நிற்கிறது சான் ஹசின்டோ மலை. ஊர் இருப்பது ஐந்நூறு அடியில், உச்சி 10,834 அடியில்.

எந்த வழியில் ஏறலாம் என்று கேட்பவர்களிடம், பாதியில் முடியாமல் போனால் எப்படி இறங்குவீர்கள் என்று திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் அதை யோசித்திருக்க மாட்டார்கள். நானும் யோசிக்காமல் போனவன்தான்.

முதல் தடவை போகிறவர்களுக்கு டிராம் போதும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1963-லிருந்து ஓடுகிற கம்பிவட வண்டி அது. பத்துப் பதினைந்து நிமிடத்தில் 8,516 அடிக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். இறங்கியதும் லாங் வேலி ரேஞ்சர் நிலையத்தில் இலவச பர்மிட் எழுதிக்கொண்டு, ரவுண்ட் வேலி, வெல்மன் டிவைட் வழியாகப் போனால் உச்சி ஐந்தரை மைல். போகவர பதினொரு மைல், முழு நாள் வேலை. ஊரில் வியர்த்துக்கொண்டிருந்தவருக்கு மேலே குளிர் நடுக்கும், ஜாக்கெட்டை மறக்க வேண்டாம்.

மேற்கே ஐடில்வைல்ட் ஊர்ப்பக்கமிருந்து இரண்டு நல்ல வழிகள் உண்டு. ஹம்பர் பார்க்கில் தொடங்கும் டெவில்ஸ் ஸ்லைடுக்குப் பெயர்தான் பயங்கரம், பாதை பைன் மர நிழலில் பதமாக ஏறும். ஒரு வழிக்கு எட்டு மைல். மரியன் மவுண்டன் பாதை ஆறு மைல்தான், ஆனால் நாலாயிரத்துச் சொச்சம் அடியை அதற்குள் ஏறியாக வேண்டும். குறுக்கு வழி என்று யாராவது சொன்னால் அவர்கள் முழங்காலை ஒரு பார்வை பாருங்கள். இந்தப் பக்கத்துக்கும் பர்மிட் வேண்டும். முடியவில்லை என்றால் வந்த வழியே நிழலில் திரும்பிவிடலாம் என்பதுதான் இவற்றின் பெரிய வசதி.

கடைசியாக ஸ்கைலைன். பாம் ஸ்பிரிங்ஸ் கலைக்கூடத்துக்குப் பின்னாலிருந்து கிளம்பி பத்து மைலில் எட்டாயிரம் அடி ஏறி, டிராம் மேலே கொண்டுவிடும் அதே லாங் வேலியைத் தொடும் பாதை. அங்கிருந்து உச்சிக்கும் போனால் மொத்த ஏற்றம் பத்தாயிரம் அடியைத் தாண்டும். லாங் வேலி வரை சொட்டுத் தண்ணீர் கிடையாது. இது மற்ற மலைகளுக்கு நேர் எதிர். மற்ற இடங்களில் திரும்பினால் தப்பிக்கலாம், இங்கே திரும்பினால் அடுப்புக்குள் இறங்குகிறோம்.

அதை நான் ஒரு மே மாதம் கற்றுக்கொண்டேன். காலை ஐந்து மணிக்கு, ஆளுக்கு நாலு லிட்டர் தண்ணீருடன் நானும் நண்பனும் கிளம்பினோம். 3,500 அடி வாக்கில் அவனுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. கீழே ஊர் கையெட்டும் தூரத்தில் தெரிந்தது, வீட்டுக்கு வீடு நீச்சல்குளம், நீலப் பொட்டுகளாக. இறங்கிவிடலாம் என்று திரும்பினோம். ஆயிரம் அடிக்கு ஐந்து டிகிரி ஃபாரன்ஹீட் வீதம் சூடு கூடிக்கொண்டே வந்தது. பாட்டில் தண்ணீர் ரசம் மாதிரி கொதித்தது, பிறகு அதுவும் தீர்ந்தது. நிழலுக்காக ஒரு பாறையை ஒட்டி நகர்ந்தபோது சோயா கள்ளி ஒன்று என் காலில் உருண்டையாக ஒட்டிக்கொண்டது (cholla என்று எழுதி சோயா என்றுதான் சொல்வார்கள், மீல் மேக்கர் செய்கிற சோயா இல்லை). கையால் பிடுங்கப் போனேன், விரலிலும் ஏறிக்கொண்டது. நண்பன் பையிலிருந்து சீப்பை எடுத்து, பல்லை முள்ளுக்கு அடியில் செருகி ஒரே சுண்டாகச் சுண்டினான். அன்றிலிருந்து தலையில் முடி குறைந்தும் பையில் சீப்பு குறைந்ததில்லை.

அதனால் ஸ்கைலைன் போவதென்றால் திரும்பும் முடிவை முதல் மைலிலேயே எடுங்கள். தொள்ளாயிரம் அடி ஏறியதும் பிக்னிக் மேசைகள் வரும். அங்கே சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தால், உட்கார்ந்து புளியோதரையைச் சாப்பிட்டுவிட்டு இறங்கிவிடுங்கள், அன்றைக்கு அவ்வளவுதான். இரவு இரண்டு மூன்று மணிக்கே கிளம்பிவிட வேண்டும். இருட்டில் அடிவாரத்துக் கிளைப்பாதைகள் ஏமாற்றும், ஆகவே அந்த முதல் மைலை மட்டும் வேறொரு நாள் வெளிச்சத்தில் நடந்து பழகிக்கொள்ளுங்கள். தண்ணீர் ஆறு லிட்டர். உப்புக்கு நான் எடுத்துப்போவது உப்பு நாரத்தங்காய். கடையில் விற்கும் உப்புப் பொடியை விட அது வாய்க்கு இதம்.

மாதம் என்றால் அக்டோபர் பாதியிலிருந்து நவம்பர், பனி விழும் வரை. வசந்தம் இதமாக இருக்குமே என்று நினைக்க வேண்டாம். ஏப்ரலில் கீழே வெயில் கொளுத்தும், மேலே கடைசிச் சரிவைக் குறுக்காகக் கடக்கும் இடத்தில் உறைபனி மிச்சம் இருக்கும். அங்கே வழுக்கி உயிர் போனவர்கள் உண்டு. பனி இருக்கிறது என்று தெரிந்தால், முள் காலணியும் பனிக்கோடரியும் பழகாதவர்கள் அந்தப் பக்கமே போகக் கூடாது.

அப்புறம் டிராம். ஸ்கைலைன்காரர்களுக்கு இறங்கும் வழியே அதுதான், கீழிறங்க மட்டும் டிக்கெட் உண்டு. ஆனால் வழக்கமாக செப்டம்பரில் பராமரிப்புக்கு நிறுத்திவிடுவார்கள், பலத்த காற்று அடித்தாலும் ஓடாது. முந்தின நாளே பார்த்துவிடுங்கள். டிராம் இறக்கிவிடும் இடம் கலைக்கூடத்துப் பக்கத்தில் இல்லை, ஊருக்கு வெளியே மலை மடிப்பில் இருக்கிறது. அங்கே ஒரு காரை முன்னாலேயே நிறுத்தி வையுங்கள். எட்டாயிரம் அடி ஏறிய காலுக்கு, அந்தத் தார் ரோட்டில் நாலு மைல் இறங்குவது போன்ற கொடுமை வேறில்லை.