ரிமோட்டை ஆட்டி விளையாடும் புதிர் கேம்: மதிப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீலகிரியில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் டிவி இருக்கிற அறையில்தான் ஹீட்டரும் இருக்கும். பழைய பங்களா என்றால் கணப்பு எரியும். அங்கேயே உட்கார்ந்து நிண்டெண்டோ வீ என்ற கேம் கன்சோலில் ஒரு பாயின்ட் அண்ட் கிளிக் சாகசத்தை, அதாவது திரையில் பொருள்களைச் சுட்டித் தொட்டுப் புதிர் அவிழ்க்கும் கேமை, போட்டுப் பார்த்துவிட்டு, "கர்சர் நடுங்குது, கன்ட்ரோல் சரியில்ல, பத்துக்கு நாலு" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். குற்றவாளி பெரும்பாலும் அந்த ஹீட்டர்தான்.

காரணம் எளிது. வீ ரிமோட்டின் முனையில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பார்க்கும் ஒரு சின்னக் கேமரா இருக்கிறது. டிவியின் மேலேயோ கீழேயோ வைக்கிற சென்சார் பாரில் இருப்பது, இரு முனைகளிலும் அகச்சிவப்பு விளக்குகள், அவ்வளவே. அந்த இரண்டு ஒளிப்புள்ளிகளும் கேமராவுக்கு எங்கே தெரிகின்றன என்பதை வைத்துத்தான் நீங்கள் திரையில் எந்த இடத்தைக் காட்டுகிறீர்கள் என்று கருவி கணக்கிடுகிறது. சிவந்து எரியும் ராடு, கணப்பு நெருப்பு, கரண்ட் போனபோது ஏற்றிய மெழுகுவர்த்தி, மேற்கு ஜன்னல் வழியே சாய்ந்து விழும் வெயில் எல்லாமே அகச்சிவப்பைக் கொட்டுபவை. மூன்றாவது, நான்காவது புள்ளி தெரிந்தால் கர்சர் குதிக்கத்தான் செய்யும். சென்சார் பாருக்குப் பதிலாக இரண்டு மெழுகுவர்த்தியை ஏற்றிவைத்தே கர்சரை நகர்த்தலாம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஷோகேஸ் கண்ணாடி, ராத்திரியில் ஜன்னல் கண்ணாடி இவற்றில் பட்டுத் திரும்பும் ஒளியும் இதே வேலையைச் செய்யும்.

வீயின் செட்டிங்ஸில் சென்சார் பார் சென்சிட்டிவிட்டி என்ற பகுதிக்குப் போனால், ரிமோட்டின் கேமரா பார்ப்பது திரையில் அப்படியே தெரியும். இரண்டு புள்ளிகள்தான் இருக்க வேண்டும். கூடுதலாக ஒன்று தெரிந்தால் ஹீட்டரை டிவி பக்கத்திலிருந்து நகர்த்தி உங்கள் முதுகுக்குப் பின்னால் வையுங்கள். குளிரும் காயலாம், கர்சரும் நடுங்காமல் நிற்கும். நிண்டெண்டோவின் பிந்தைய கன்சோலான சுவிட்சில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே பெரும்பாலான கேம்கள், ஜாய்கான் என்ற அதன் கைப்பிடிக் கருவியில் இருக்கும் கைரோஸ்கோப்பை (திரும்புவதை அளக்கும் சென்சார்) நம்பிக் கர்சரை நகர்த்துகின்றன. ஆனால் அது ஆட ஆட மெல்ல விலகும். நடுவுக்குக் கொண்டுவரும் பட்டன் எது என்று பார்க்காமலே "துல்லியம் இல்லை" என்று எழுதுவது இன்னொரு வகைத் தவறு.

அடுத்தது அசைவுகள். இங்கே ஒரு எடுத்துக்காட்டை வைத்துப் பேசுவது நல்லது. 2007இல் காப்காம் வெளியிட்ட 'ஜாக் அண்ட் விக்கி' இந்த வகையின் நல்ல மாதிரி. கடற்கொள்ளைக்காரச் சிறுவன் ஒருவன், மணியாக மாறும் ஒரு பறக்கும் குரங்கு. ரிமோட்டைக் குலுக்கி மணியடித்தால் எதிரிலிருக்கும் பிராணி ஒரு கருவியாக மாறிவிடும். பூரான் ரம்பமாகும். அப்புறம் ரிமோட்டையே ரம்பம்போலப் பிடித்து அறுக்க வேண்டும், சாவிபோலத் திருக வேண்டும். இதையெல்லாம் பலத்தைக் காட்டிச் செய்கிறவர்கள்தான் அதிகம். ரிமோட்டிலுள்ள ஆக்ஸிலரோமீட்டர் என்ற அசைவு சென்சாருக்கு உங்கள் பலம் தேவையில்லை. வேகம் மாறுவதும், புவியீர்ப்பு எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதும்தான் அதற்குத் தெரியும். மணிக்கட்டைத் திருகினால் ரிமோட்டுக்குக் கீழ்த்திசை மாறுகிறது, உடனே புரிந்துகொள்ளும். தட்டையாகப் பிடித்து இடவலமாக மெதுவாகத் திருப்பினால் கீழ்த்திசை மாறுவதே இல்லை, அதற்கு ஒன்றும் தெரியாது. கைரோஸ்கோப் சேர்ந்த மோஷன் பிளஸ் என்ற, ரிமோட்டில் மாட்டும் துணைக்கருவி 2009இல்தான் வந்தது. அதைப் பழைய கேமுக்கு மாட்டினால் அசைவு திருந்தும் என்று எதிர்பார்ப்பதும் வீண். கேம் அதற்கென எழுதப்பட்டிருக்க வேண்டும். கம்பளிக் கையுறையோடு ஆடிவிட்டுக் குறை சொல்பவர்களை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அறையையும் கையையும் சரிசெய்த பிறகும் மிஞ்சுகிற குறைதான் கேமின் கணக்கில் சேர வேண்டியது. அங்கே தயவு காட்ட வேண்டாம். ஒரு புதிரின் விடை தெரிந்துவிட்டது, ஆனால் அசைவு பதிவாகாமல் பாத்திரம் செத்துப்போகிறது என்றால் அது பெரிய குறை. யோசிக்க வைக்கிற விளையாட்டு கைவேகத்துக்காக அபராதம் போடக் கூடாது என்பது என் கட்சி. ஜாக் அண்ட் விக்கியிலேயே பின்பாதிக் கட்டங்கள் நீளமானவை. கடைசியில் ஒரு தப்பு செய்தால் முதலிலிருந்து வர வேண்டும், இல்லையென்றால் உயிர்ப்பிக்கும் டிக்கெட் ஒன்றைச் செலவழிக்க வேண்டும். இதைக் குறையாக எழுதலாம், எழுத வேண்டும்.

ஆனால் சாவதையே குறையாக எழுதினால் பாதி வரலாறு விட்டுப்போகும். 1984இல் வந்த சியரா நிறுவனத்தின் சாகச கேம் 'கிங்ஸ் குவெஸ்ட்' எடுத்ததற்கெல்லாம் ஆளைக் கொன்றது. 1990இன் 'மங்கி ஐலண்ட்' ஏறக்குறைய சாகவே விடாது. (தண்ணீருக்கடியில் பத்து நிமிடம் சும்மா நின்றால் மட்டும் சாகலாம், அது ஒரு நையாண்டி.) இரண்டுமே தெரிந்து எடுத்த முடிவுகள். பார்க்க வேண்டியது, ஏன் செத்தோம் என்று திரை சொல்லிக்கொடுத்ததா என்பதை. சொல்லிக்கொடுத்திருந்தால் அந்தச் சாவும் ஒரு துப்புதான்.

யூடியூபில் விடையைப் பார்த்துவிட்டு "இதை யார் யோசிப்பா?" என்று கேட்பதும் சகஜம். விடை பார்ப்பதில் தப்பில்லை. பார்த்த பிறகு அதே கட்டத்துக்குத் திரும்பிப் போய், துப்பு எங்காவது கண்ணில் படும்படி இருந்ததா என்று தேட வேண்டும். சுவரில் ஒரு ஓவியம், ஒரு நிழல், தொட்டால் வரும் சத்தம், ஏதோ ஒன்று இருந்தால் புதிர் நியாயமானது, நாம்தான் கவனிக்கவில்லை. எதுவுமே இல்லையென்றால் அந்தக் கட்டத்தின் பெயரைப் போட்டே எழுதுங்கள்.

கார்ட்டூன் படத்தைப் பார்த்து "குழந்தைகளுக்கானது" என்று ஒதுக்குவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கடைசிக் கட்டங்களை ஆடிப் பார்த்தால் தானே புரியும்.

கடைசியாக, யாரோடு ஆடினீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். ஜாக் அண்ட் விக்கியில் ஆடுபவரைத் தவிர மற்றவர்களும் ஆளுக்கொரு ரிமோட்டை எடுத்துத் திரையில் கோடு போட்டு "இதைத் தொடு" என்று காட்டலாம். ஜூலை மழையில் ஊட்டியில் ஒரு வீட்டுக்குள் அத்தை, மாமா, பிள்ளைகள் என்று அடைந்து கிடக்கும்போது, ஒருவர் திணறுகிற இடத்தை இன்னொருவர் சட்டென்று பிடித்துவிடுவார். அதே புதிர் கொடைக்கானல் விடுதியில் தனியாக ஆடுகிறவரை ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார வைக்கும். "சுலபம்" என்று எழுதும்போது அறையில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதினால், தனியாக ஆடப்போகிறவர் வாங்கலாமா வேண்டாமா என்று முடிவுசெய்ய உதவும்.