வீட்டுக்கு ரவுட்டரா, ஸ்விட்சா? காசு கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

"நெட் ரொம்ப ஸ்லோ, நல்ல ரவுட்டர் ஒண்ணு சொல்லுங்க" என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, எங்கே ஸ்லோ என்பதைத்தான். இணைப்புப் பெட்டிக்குப் பக்கத்திலேயா, படுக்கையறையிலா, மாடியிலா? பதிலைப் பொறுத்து வாங்க வேண்டிய பொருளே மாறிவிடும். சில வீடுகளில் எதுவுமே வாங்க வேண்டியிருக்காது.

பைபர் இணைப்பு உள்ள வீட்டை வைத்தே சொல்கிறேன். பட்ஜெட் மூவாயிரம் ரூபாய்க்குள்.

படி 1: முதலில் வயரில் அளந்து பாருங்கள்

இணைப்பு கொடுத்தவர் சுவரில் மாட்டிவிட்டுப் போன பெட்டியை எல்லோரும் மோடம் என்கிறோம். பைபரில் வரும் ஒளியை மின் சிக்னலாக மாற்றுவது அதன் வேலை. பெரும்பாலும் வைஃபையும் அதிலேயே இருக்கும். ஒரு லேப்டாப்பை லேன் கேபிள் மூலம் அதில் நேராகச் செருகி, வைஃபையை அணைத்துவிட்டு, ஸ்பீட் டெஸ்ட் எடுங்கள். 100 மெகாபிட் பிளானில் 90க்கு மேல் காட்டினால் லைனில் கோளாறு இல்லை.

வயரிலேயே 20, 30 என்று நின்றால் லேப்டாப்பையும் கேபிளையும் மாற்றி இன்னொரு முறை பாருங்கள். அப்போதும் அதே கதை என்றால் இணைப்பு கொடுத்தவருக்குத்தான் போன் போட வேண்டும். எவ்வளவு விலையுயர்ந்த ரவுட்டரும் அதைச் சரிசெய்யாது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். பிளானில் சொல்வது மெகாபிட். டவுன்லோடு ஆகும்போது கம்ப்யூட்டர் காட்டுவது பெரும்பாலும் மெகாபைட். 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆக 100 மெகாபிட் லைனில் நொடிக்கு 12 மெகாபைட் வந்தால் முழு வேகமும் வருகிறது என்றே அர்த்தம்.

அடுத்து போனை எடுத்துக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு டெஸ்ட், தொல்லை தரும் அறையில் ஒரு டெஸ்ட். மூன்று எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: எது தேவை என்று முடிவு செய்யுங்கள்

பக்கத்தில் நல்ல வேகம், தூரத்தில் இல்லை என்றால் பெட்டி இருக்கும் இடத்தைப் பாருங்கள். இரும்பு பீரோவுக்குப் பின்னால், டிவி ஸ்டாண்டின் உள்ளே, பரண் மூலையில் என்றுதான் பல வீடுகளில் இருக்கும். வெளியே, உயரத்தில் எடுத்து வைத்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். அப்படியும் எட்டவில்லை என்றால், வைஃபையை அங்கேயும் பரப்ப ரவுட்டர் தேவை.

வைஃபை பரவாயில்லை, ஆனால் டிவி, கம்ப்யூட்டர், கேமரா ரெக்கார்டர் எல்லாவற்றுக்கும் வயர் செருக போர்ட் போதவில்லை என்றால் ரவுட்டர் வேண்டாம், போர்ட்டைக் கூட்டித் தரும் நெட்வொர்க் ஸ்விட்ச் போதும். அதில் வைஃபை கிடையாது, பாஸ்வேர்டு கிடையாது, செட்டிங் எதுவும் கிடையாது. கரண்ட் கொடுத்து, மோடத்திலிருந்து ஒரு வயரைச் செருகினால் மீதி போர்ட்கள் எல்லாம் வேலை செய்யும். வேகம் கூடாது, போர்ட்தான் கூடும்.

என்னைக் கேட்டால், நகராத பொருளுக்கெல்லாம் வயர்தான். டிவியும் டெஸ்க்டாப்பும் வயருக்குப் போய்விட்டால், காற்றில் மிச்சமாகும் இடம் போன்களுக்குக் கிடைக்கும். புது ரவுட்டர் வாங்கும் யோசனையே பிறகு வராமல் போகலாம்.

படி 3: ஸ்விட்ச் பெட்டியில் ஒரே ஒரு வரி

10/100 என்று இருக்கிறதா, 10/100/1000 என்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இரண்டாவதுதான் கிகாபிட், அதாவது 1000 மெகாபிட். டிபி-லிங்க் கம்பெனி ஸ்விட்சில் எல்எஸ்1005 என்றால் 100 மெகாபிட், எல்எஸ்1005ஜி என்றால் கிகாபிட். ஓர் எழுத்துதான் வித்தியாசம், ஆன்லைன் பட்டியலில் இரண்டும் அடுத்தடுத்து நிற்கும். கிகாபிட் ஸ்விட்ச் ஆயிரம் ரூபாயை ஒட்டியே கிடைக்கும்போது சில நூறு மிச்சம் பிடிக்க மற்றதை எடுக்காதீர்கள்.

5 போர்ட் ஸ்விட்சில் ஒன்று மோடத்திலிருந்து வரும் வயருக்குப் போய்விடும், உங்களுக்கு நான்கு. மேனேஜ்டு, ஸ்மார்ட் என்றெல்லாம் எழுதியிருந்தால் அது ஆபீசுக்கு. லேன் வயரிலேயே கரண்ட் எடுக்கும் கேமரா மாட்டப் போகிறவர்கள் மட்டும் பிஓஇ ஸ்விட்ச் கேட்டு வாங்க வேண்டும். அதன் விலை வேறு.

படி 4: ரவுட்டர் பெட்டியின் பெரிய எண்ணை நம்பாதீர்கள்

ஏசி1200 என்று கொட்டை எழுத்தில் இருக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 300 மெகாபிட், 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 867, இரண்டையும் கூட்டி மேலே ஏற்றிய எண் அது. உங்கள் போன் ஒரு நேரத்தில் ஒன்றில்தான் இருக்கும், அந்த 867ம் ஏட்டுக் கணக்கு.

இதைவிடப் பெரிய பள்ளம் பின்பக்க போர்ட்டில் இருக்கிறது. டிபி-லிங்க்கின் ஆர்ச்சர் சி50, ஆர்ச்சர் சி6 ரவுட்டர்கள் இரண்டுமே ஏசி1200 ரகம். சி50-இன் போர்ட்கள் 100 மெகாபிட், சி6-இல் கிகாபிட். 200 மெகாபிட் பிளான் போட்டுவிட்டு சி50-ஐ மாட்டினால் பாதி வேகம் அதன் வாசலிலேயே நின்றுவிடும். மாதா மாதம் காசு மட்டும் 200க்குப் போகும். பிளான் 100ஐத் தாண்டினால் கிகாபிட் போர்ட் கட்டாயம்.

டூயல் பேண்ட் வேண்டும், அதாவது 2.4, 5 இரண்டு அலைவரிசையும் (பேண்ட்) இருக்க வேண்டும். அபார்ட்மெண்ட்டில் 2.4 பேண்ட் முழுக்க அக்கம்பக்கத்து வைஃபை நிரம்பியிருக்கும். 5 வேகமானது, ஆனால் இரண்டு சுவர் தாண்டினால் தளர்ந்துவிடும், கான்கிரீட் தளம் தாண்டி மாடிக்குப் போவது கஷ்டம். நாலு ஆன்டெனா நிற்பதால் சுவர் உடையாது. மாடிக்கு நல்ல வழி, ஒரு வயரை மேலே இழுத்து அங்கே ரவுட்டரை வைப்பது. வைஃபையைக் காற்றிலேயே வாங்கி மறுபடி பரப்பும் ரிப்பீட்டர் கடைசிப் பட்சம்.

வைஃபை 6 தலைமுறை ரவுட்டர் பட்ஜெட்டுக்குள் வந்தால் எடுங்கள், வராவிட்டால் அதற்கு முந்தைய வைஃபை 5 போதும்.

பழைய பொருள் வாங்குகிறவர்கள் பின்னால் டெலிபோன் வயர் செருகும் சிறிய துளை இருக்கிறதா என்று பாருங்கள். அது மட்டும் இருந்து, மோடத்திலிருந்து வரும் நெட் வயரைச் செருகும் வான் (WAN) போர்ட் இல்லை என்றால், டெலிபோன் லைனில் நெட் எடுத்த அந்தக்கால டிஎஸ்எல் மோடம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நம் வேலைக்கு உதவாது.

படி 5: கேபிள்

லேன் கேபிளில் கேட் 5இ (Cat 5e) ரகம் போதும், 100 மீட்டர் வரை கிகாபிட் தாங்கும். கேட் 6 கிடைத்தால் சரி, அதற்கு மேல் வீட்டுக்கு வீண். சுத்த செம்பா என்று கேளுங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது மலிவு, ஆனால் எளிதில் ஒடியும். கிகாபிட்டுக்கு உள்ளே இருக்கும் 8 கம்பியும் வேண்டும். 4 மட்டும் வைத்து முனையில் பிளக்கை அழுத்தி மாட்டினால் (கிரிம்ப்) 100-ஐத் தாண்டாது.

படி 6: மாட்டும்போது

புது ரவுட்டரின் செட்டிங்கில் ஆக்சஸ் பாயின்ட் மோடு இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு கருவிக்கும் நெட்வொர்க் முகவரியை (ஐபி) மோடம் வழக்கம்போல் கொடுக்கும், ரவுட்டர் வைஃபை மட்டும் பரப்பும். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் இரண்டிலும் ஒன்றாக வைத்தால் ஒவ்வோர் அறையிலும் மாற்றி மாற்றி இணைக்க வேண்டியதில்லை. ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டை அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

கரண்ட் போனாலும் நெட் வேண்டும் என்றால் மினி யுபிஎஸ் மாட்டலாம். மோடம், ரவுட்டர் இரண்டுக்கும் வேண்டும், நடுவில் ஸ்விட்ச் இருந்தால் அதற்கும். ஒவ்வொரு அடாப்டரிலும் எழுதியிருக்கும் வோல்ட்டைப் படித்துவிட்டுச் செருகுங்கள். 12 வோல்ட் பின் 5 வோல்ட் ஸ்விட்சிலும் பொருந்திவிடலாம், அப்புறம் ஸ்விட்ச் புகைதான்.

எல்லாம் மாட்டிய பிறகு, புது ரவுட்டரிலோ ஸ்விட்சிலோ லேப்டாப்பை வயரில் செருகி, விண்டோஸ் செட்டிங்ஸில் ஈதர்நெட் பக்கத்தைத் திறந்து லிங்க் ஸ்பீடைப் பாருங்கள். வாங்கியது கிகாபிட் என்றால் 1000/1000 இருக்க வேண்டும். 100/100 காட்டினால் கேபிளை மாற்றிப் பாருங்கள். லேப்டாப்பின் போர்ட்டும் கிகாபிட்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இரண்டும் சரியாக இருந்தும் 100-லேயே நின்றால், ரிட்டர்ன் நாள் முடிவதற்குள் வாங்கிய பொருளைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.