தினமும் குங்குமப்பூ: எத்தனை இழை, எப்படி ஊறவைப்பது?

சுங்கை சிப்புட்டில் நான் சாமான் வாங்கும் மளிகைக் கடையில், கல்லாவுக்குப் பின்னால் பூட்டி வைத்திருக்கும் ஒரே மளிகைச் சாமான் குங்குமப்பூதான். ஒரு பூவில் மூன்றே இழை. கையால்தான் கிள்ள வேண்டும். ஒரு கிலோ சேர்க்கச் சுமார் 150,000 பூக்கள் தேவை. வெயில் ஏறுமுன் பறித்தாக வேண்டும் என்று கேட்டதும், தோட்டத்தில் இருட்டோடு பால்மரம் வெட்டப் போன என் பாட்டி, "அப்போ அதுவும் நம்ம பொழப்புதான்" என்றார்.

முதலில் அசலா என்று பாருங்கள். பாசார் மாலாமில் ஒருமுறை பத்து வெள்ளிக்கு ஒரு பெரிய பாக்கெட் வாங்கி ஏமாந்தேன். தண்ணீரில் போட்ட நொடியே சிரப் பாண்டோங் மாதிரி சிவந்தது. இழைகள் வெளுத்து நூலாக மிதந்தன. அசல் அப்படி அவசரப்படாது. வெள்ளைத் தட்டில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி இரண்டு இழை போடுங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் பொன் மஞ்சள் மெல்லப் பரவும், இழை சிவப்பாகவே கிடக்கும். நாக்கில் வைத்தால் கசக்க வேண்டும். இனித்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது அளவு. மனச்சோர்வு பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலும் ஒரு நாளைக்கு 30 மில்லிகிராம் கொடுத்திருக்கிறார்கள், ஆறு முதல் எட்டு வாரம் வரை. ஓர் இழை ஏறக்குறைய 2 மில்லிகிராம் என்று வைத்தால், பதினைந்து இழை. ஒரு கிராம் டப்பி ஒரு மாதம் வரும். ஆனால் அந்த ஆய்வுகளில் பலவற்றில் கொடுத்தது சாறெடுத்த மாத்திரை. நம் வீட்டு இழை அதே வேலையை அதே அளவில் செய்யும் என்று சொல்ல முடியாது. கூடுதலாகப் போட்டால் கூடுதல் பலன் என்பதும் இல்லை. ஒரே நாளில் 5 கிராமைத் தாண்டினால் விஷம்.

இனி ஊறவைப்பது. இழைகளை ஒரு சிட்டிகை சீனியோடு சிறிய உரலில் நுணுக்குங்கள். சீனி இருந்தால்தான் நன்றாகப் பொடியும். இரண்டு மேசைக்கரண்டி வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி இருபது நிமிடம் மூடி வையுங்கள். கொதிக்கும் பாலில் நேராகப் போட்டால் மணம் ஆவியோடு போய்விடும். அப்புறம் பாலிலோ, சீனி போடாத தேநீரிலோ கலந்து குடியுங்கள். எனக்கு இரவுப் பால்தான் சரி.

என்ன பலன்? லேசான, நடுத்தர மனச்சோர்வு சற்றுக் குறைவதாகச் சிறிய ஆய்வுகள் காட்டுகின்றன. அவற்றில் நிறைய ஈரானில் நடந்தவை, உலகக் குங்குமப்பூவில் பெரும்பகுதி விளைவதும் அங்கேதான். மற்றபடி இனிப்புநீரை விரட்டும், கண்ணாடியைக் கழற்ற வைக்கும் என்று வாட்சாப்பில் வருவதை நம்பி மருந்தை நிறுத்தாதீர்கள். கர்ப்பிணி குடித்தால் பிள்ளை சிவப்பாகப் பிறக்கும் என்பது சுத்தப் பொய். சொல்லப்போனால் அதிக அளவு கருப்பையைத் தூண்டும் என்பதால், கர்ப்பிணிகள் மாத்திரையாக எடுக்கவே கூடாது. பாயசத்தில் இரண்டு இழை விழுந்தால் பாதகமில்லை. ரத்தம் உறையாமலிருக்கவோ, ரத்த அழுத்தத்துக்கோ, மனச்சோர்வுக்கோ மருந்து எடுப்பவர்கள் கிளினிக் கெசிஹாத்தானில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

மாத்திரைதான் வேண்டும் என்றால், 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் பதிவு எண்ணும் சுகாதார அமைச்சின் ஹோலோகிராம் ஸ்டிக்கரும் டப்பாவில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் வைத்துவிட்டு வாருங்கள்.

டப்பியை வெளிச்சம் படாத அலமாரியில் வையுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஈரக் கரண்டி ஒருமுறை உள்ளே போனாலே போதும். என் மாமியார் விட்டார். அரை மாதச் சரக்கு கட்டியாகிக் கேசரிக்குப் போயிற்று.