பழைய டிஎஸ்எல்ஆரையும் புதிய மிரர்லெஸையும் ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முகூர்த்தம் முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. என்னோடு வேலைக்கு வரும் தம்பி மண்டபத்தின் பின்னறையில் இரண்டு கேமராக்களை மேஜைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒன்று, அவனுடைய மாமா கொடுத்த நிக்கான் டி3100. 2010இல் வந்த ஆரம்பநிலை டிஎஸ்எல்ஆர், உள்ளே கண்ணாடி இருக்கும் வகை. மற்றொன்று, அன்றைக்கு வாடகைக்கு எடுத்து வந்த நிக்கான் இசட் 8. 2023இல் வந்த தொழில்முறை மிரர்லெஸ், அந்தக் கண்ணாடி இல்லாத வகை. இரண்டிலும் ஒரே மணப்பெண்ணை எடுத்திருந்தான். இரண்டு திரைகளையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "அண்ணா, இனிமேல் இந்தப் பழையதைத் தொட மாட்டேன். கடன் வாங்கியாவது பாடியை மாற்றிவிடப் போகிறேன்" என்றான். பாடி என்றால் லென்ஸ் நீங்கலான கேமரா.

எதில் என்ன லென்ஸ் மாட்டியிருந்தாய் என்று கேட்டேன். பழையதில் கேமராவோடு வந்த 18-55 கிட் லென்ஸ். புதியதில் வாடகைக் கடை கொடுத்தனுப்பிய 24-70 எஃப் 2.8. எஃப் எண் சிறிதானால் லென்ஸ் கூடுதல் ஒளியை உள்ளே விடும்.

எனக்குச் சுருக்கென்றது. 2015இல் நானும் இதே ஒப்பீட்டைச் செய்து, இதே முடிவுக்கு வந்து, லட்ச ரூபாய்க்கு மேல் கொண்டுபோய்க் கொட்டியவன். அதன்பின் என்னிடம் வேலை கற்க வந்தவர்களில் பாதிப் பேர் அதே குழியை நோக்கி நடப்பதைப் பார்த்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன். கார்டு போட மறப்பது, பேட்டரியை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவது போன்றவற்றைச் சொல்லப்போவதில்லை. ஒரு முறை பட்டால் அவை தாமே திருந்திவிடும். பட்டாலும் புரியாமல் பணத்தைத் தின்றுகொண்டே இருக்கும் தவறுகளைச் சொல்கிறேன்.

கேமராவின் திரையில் பார்த்து முடிவு கட்டுவது

டி3100இன் பின்திரையில் இருப்பவை 2 லட்சத்து 30 ஆயிரம் புள்ளிகள். இசட் 8இன் திரையில் 21 லட்சம். பழைய கேமராவின் படம் அந்தத் திரையில் மங்கலாகத்தான் தெரியும். அது திரையின் மங்கல், படத்தின் மங்கல் அல்ல. கண் பழகிவிட்டால் இந்த வித்தியாசத்தை மறந்துவிட்டு, "சென்சார் (ஒளியைப் படமாக்கும் சில்லு) தேய்ந்துவிட்டது" என்றுகூடச் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள்.

கணினியில் நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்குவது

இது முந்தையதற்கு நேர் எதிரான தவறு. டி3100 தரும் படம் 4608க்கு 3072 பிக்சல். இசட் 8 தருவது 8256க்கு 5504. இரண்டையும் நூறு சதவீதத்தில் வைத்தால், இசட் 8இன் படத்தை ஏறக்குறைய 1.8 மடங்கு கூடுதலாகப் பெரிதாக்கிப் பார்க்கிறீர்கள். மூன்று லட்ச ரூபாய் கேமராவிலும் புள்ளி புள்ளியாக நாய்ஸ் தெரிகிறதே என்று ஒருவர் என்னிடம் அழாத குறையாகச் சொன்னார். ஒரே அகலத்துக்குக் கொண்டுவந்து காட்டிய பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

நான் அச்சை வைத்துத்தான் முடிவு செய்வேன். கல்யாண ஆல்பத்தின் ஒரு பக்கம் பெரும்பாலும் 12க்கு 18 அங்குலம். அதில் டி3100இன் முழுப்படம் அங்குலத்துக்கு 256 பிக்சல் தருகிறது. அது போதும், பட்டுச் சேலையின் ஜரிகை இழை தனித்தனியாகத் தெரியும். அதே படத்தை இரண்டு பக்கமும் விரிந்த 36 அங்குலத்துக்கு இழுத்தால் 128 பிக்சல்தான் மிஞ்சும். இசட் 8இல் 229 இருக்கும். புதிய கேமரா உண்மையாகவே ஜெயிக்கும் இடம் அது. ஆல்பத்தில் அப்படி விரிந்த படங்கள் எத்தனை வருகின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

லென்ஸை மறந்துவிட்டுப் பாடியை ஒப்பிடுவது

என்னை இன்றும் கோபப்படுத்தும் தவறு இதுதான்.

நான் டி3100இல்தான் தொழில் தொடங்கினேன். நான்கு ஆண்டுகள் அதே 18-55ஐ மாட்டி ஓட்டினேன். மண்டபத்தின் டியூப்லைட் வெளிச்சத்தில் ரிசப்ஷன் படங்கள் சேறாக வரும். ஒருநாள் நண்பர் ஒருவர் தன் ஃபுல் ஃபிரேம் கேமராவை, அதாவது பெரிய சென்சார் கொண்டதை, கையில் கொடுத்தார். அதில் எஃப் 2.8 லென்ஸ் இருந்தது. அந்த இடத்திலேயே மயங்கிப்போனேன். மனைவியின் நகையை அடகு வைத்து, நிக்கான் டி750 பாடியை மட்டும் வாங்கினேன். லென்ஸுக்குப் பணம் இல்லை. அதனால் என்ன, பழைய லென்ஸ் இருக்கிறதே என்று 18-55ஐ அதில் மாட்டினேன்.

இரண்டு வாரம் கழித்து ஆல்பம் வடிவமைப்பவர் போன் செய்தார். "அண்ணே, ரிசப்ஷன் படங்கள் எல்லாம் சின்னதாக இருக்கின்றனவே, வாட்ஸ்அப்பில் அனுப்பியவற்றைக் கொடுத்துவிட்டீர்களா?" என்றார். நான் அனுப்பியவை அசல் படங்கள்தான். கணினியைத் திறந்து அளவைப் பார்த்தேன். 3936க்கு 2624. ஒரு கோடியே மூன்று லட்சம் பிக்சல். என் பழைய டி3100 தந்தது ஒரு கோடியே நாற்பத்திரண்டு லட்சம். நகையை அடகு வைத்து, கையில் இருந்ததைவிடச் சிறிய படத்தை வாங்கியிருந்தேன்.

காரணம் எளிது. 18-55 டிஎக்ஸ் லென்ஸ். சிறிய சென்சாருக்காகச் செய்தது. அது விழச்செய்யும் ஒளிவட்டம் ஃபுல் ஃபிரேம் சென்சாரின் மூலைகள் வரை எட்டாது. கேமரா அதை அடையாளம் கண்டு, நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்கிறது. இசட் 8இலும் இதேதான் நடக்கும். பழைய லென்ஸைப் புதிய பாடியில் பொருத்த உதவும் எஃப்டிஇசட் அடாப்டர் வைத்து அதே கிட் லென்ஸை மாட்டினால், 4.5 கோடி பிக்சல் கேமரா சுமார் 1.9 கோடிக்குச் சுருங்கிவிடும்.

பிக்சல் போனால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். போவது ஒளி. ஃபுல் ஃபிரேம் சென்சாரின் பரப்பு டிஎக்ஸ் சென்சாரைப் போல 2.4 மடங்கு. பெரிய சென்சார் இருட்டில் நன்றாக எடுக்கிறது என்பதற்கு முதன்மையான காரணம் அந்தப் பரப்புதான். வெட்டிய அடுத்த நொடி அது கையைவிட்டுப் போய்விடுகிறது. மீதி இருப்பது பதின்மூன்று ஆண்டு சென்சார் முன்னேற்றம் மட்டுமே. அதுவும் நல்லதுதான். ஆனால் அதற்காகவா மூன்று லட்சம்?

இன்னொரு பக்கம் கணக்குப் போடுங்கள். 18-55ஐ முழுவதும் நீட்டினால் அபர்ச்சர், அதாவது ஒளி நுழையும் துவாரம், எஃப் 5.6க்கு மேல் திறக்காது. மண்டப வெளிச்சத்தில் ஷட்டர் 1/125 நொடி வைத்தால் ஐஎஸ்ஓ, அதாவது ஒளியுணர்வு அளவு, 6400 தேவைப்படும் என்று வைத்துக்கொள்வோம். டி3100இன் இயல்பான எல்லை 3200. 6400 அதற்கு அப்பாற்பட்ட கட்டாய நீட்டிப்பு. படம் சேறாக வராமல் என்ன செய்யும்? அதே கேமராவில் எஃப் 1.8 லென்ஸ் ஒன்றை மாட்டுங்கள். மூன்று ஸ்டாப்புக்கும் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு) சற்று அதிகமாக, ஏறக்குறைய பத்து மடங்கு ஒளி உள்ளே வரும். ஐஎஸ்ஓ 640 போதும். சென்சார் அளவை டிஎக்ஸிலிருந்து ஃபுல் ஃபிரேமுக்கு மாற்றினால் கிடைக்கும் ஆதாயம் ஒன்றேகால் ஸ்டாப்தான். டிஎக்ஸ் 35 எஃப் 1.8ஜி லென்ஸைப் பழையதாக வாங்கினால், இரண்டு நாள் வேலையின் கூலிக்குள் அடங்கிவிடும். எனக்கு இதை 2015இல் யாரும் சொல்லவில்லை. கடையில் பாடியை எடுத்துக் கொடுத்தவரும் சொல்லவில்லை.

லென்ஸ் வாங்கப் போகும்போது இன்னொரு கண்ணி இருக்கிறது. 50 எஃப் 1.8டி என்று ஒன்று மலிவாகக் கிடைக்கும். பெயரின் முடிவில் இருக்கும் "டி"யைக் கவனியுங்கள். அதற்குள் மோட்டார் இல்லை. கேமராவில் இருக்கும் மோட்டார்தான் அதைத் திருக வேண்டும். டி3100இல் அந்த மோட்டார் கிடையாது. இசட் 8க்கான எஃப்டிஇசட் அடாப்டரிலும் கிடையாது. இரண்டிலும் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். "ஏஎஃப்-எஸ்" என்று எழுதியிருப்பதை வாங்குங்கள், அதற்குள்ளேயே மோட்டார் இருக்கும். இன்று பழைய பாடியில் ஓடும். நாளைக்கு அடாப்டர் போட்டால் புதியதிலும் ஓடும். ஆனால் டிஎக்ஸ் 35ஐப் புதியதில் மாட்டினால் அதே வெட்டு விழும். வெட்டு வேண்டாம் என்றால் 50 எஃப் 1.8ஜி வாங்குங்கள், அது ஃபுல் ஃபிரேமுக்கானது.

சரி, நேர்மையாக ஒப்பிட வேண்டுமா? டி3100இல் 35 மில்லிமீட்டர் லென்ஸ், எஃப் 1.8. இசட் 8இல் 50 மில்லிமீட்டர், எஃப் 2.8. இந்த இரண்டும் ஏறக்குறைய ஒரே காட்சிக் கோணத்தையும், ஒரே அளவு பின்னணி மங்கலையும் தரும். ஒருவரை ஜன்னலோரம் உட்கார வையுங்கள். இரண்டையும் ரா கோப்பாக, அதாவது கேமரா மெருகேற்றாத மூலக் கோப்பாக எடுத்து, ஒரே மென்பொருளில் திறங்கள்; நிக்கானின் என்எக்ஸ் ஸ்டுடியோ இலவசம். கேமரா செய்து தரும் ஜேபெக்கை ஒப்பிடாதீர்கள். அது 2010இன் வண்ண ரசனையையும் 2023இன் வண்ண ரசனையையும் ஒப்பிடுவதாகிவிடும். இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து 12க்கு 18இல் அச்சிடுங்கள்.

தம்பியை வைத்து அதைத்தான் செய்தேன். அச்சு இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தான். புருவ முடி, மூக்குத்தியின் கல், தலையில் வைத்த மல்லிகையின் காம்பு எல்லாம் இரண்டிலும் இருந்தன. கன்னத்துக்குக் கீழே விழுந்த நிழலில் மட்டும் இசட் 8 தெளிவாக முன்னே நின்றது. அங்கே டி3100 சற்றுக் கரகரப்பாக இருந்தது. "இவ்வளவுதானா அண்ணா?" என்றான். இந்தச் சோதனையில் இவ்வளவுதான். மறுவாரம் பழைய 35 ஒன்றை வாங்கிவிட்டான்.

அசையாத பொருளை வைத்து ஃபோகஸ் சோதிப்பது

குத்துவிளக்கை எடுத்துப் பார்த்துவிட்டு, "இரண்டும் ஒன்றுதான்" என்று சொல்வோரும் உண்டு. புதிய கேமராவுக்கு அவர்கள் செய்யும் அநியாயம் இது. மேலே சொன்னதை மட்டும் படித்துவிட்டு, பழையதே போதும் என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது.

டி3100இல் 11 ஃபோகஸ் புள்ளிகள். அவற்றில் நடுவில் இருக்கும் ஒன்றுதான் குறுக்கு வகை, நெடுக்கும் கிடையுமாக இரு திசையிலும் விவரத்தைப் பிடிப்பது. வெளிச்சம் குறைந்தால் அதை மட்டும்தான் நம்ப முடியும். நடுப்புள்ளியை மணப்பெண்ணின் கண்ணில் வைத்து, பாதி அழுத்தி, கேமராவைத் திருப்பி, சட்டகத்தைச் சரிசெய்து அழுத்துவோம். 50 மில்லிமீட்டரில் எஃப் 1.8 வைத்து ஒன்றரை மீட்டரில் நின்றால், துல்லியமாக நிற்கும் ஆழம் நான்கு விரற்கடைதான். திருப்புவதற்குள் அவள் ஒரு மூச்சு சாய்ந்தால் கண் போய்விடும், காது நிற்கும்.

மாலை மாற்றும்போது பாருங்கள். மாப்பிள்ளையைத் தோளில் தூக்கிவிடுவார்கள், பெண் எம்புவாள், நடுவில் யாராவது கையை நீட்டுவார்கள். இசட் 8 கண்ணைக் கண்டுபிடித்து அதன் பின்னாலேயே போகிறது. ரா கோப்பாகவே நொடிக்கு 20 படம், சத்தமே இல்லாமல். டி3100 நொடிக்கு 3 படம். அந்தப் பத்து நொடியில் எனக்குக் கிடைக்கும் நல்ல படங்களின் எண்ணிக்கையில்தான் விலையின் நியாயம் இருக்கிறது. சோதிப்பதென்றால் ஓடிவரும் குழந்தையை வைத்துச் சோதியுங்கள்.

எடை

மிரர்லெஸ் என்றாலே இலகு என்பது பொய். பேட்டரி, கார்டோடு டி3100 505 கிராம். இசட் 8 910 கிராம்.

எல்இடி சுவரின் முன்னால் வேகமான ஷட்டர்

இசட் 8இல் இயந்திர ஷட்டரே கிடையாது. அதனால்தான் மேடையின் எல்இடி திரை படத்தில் பட்டை பட்டையாக வருகிறது என்று பலர் குற்றம் சொல்கிறார்கள். 1/1000 வைத்தால் டி3100இலும் பட்டை வரும். டியூப்லைட் என்றால் 1/100 அல்லது 1/50க்கு இறங்குங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். எல்இடி சுவர் என்றால், இசட் 8இல் ஷட்டர் வேகத்தை மிக நுண்ணிய படிகளில் மாற்றும் வசதி இருக்கிறது. திரையில் பட்டை மறையும் வரை திருகுங்கள். பழையதில் அது முடியாது.

வியூஃபைண்டரின் வெளிச்சத்தை நம்புவது

டிஎஸ்எல்ஆரில் கண்ணாடி வழியாகக் காட்சியைப் பார்க்கிறோம்; மிரர்லெஸில் ஒரு சின்னத் திரையைப் பார்க்கிறோம். இருட்டு மண்டபத்தில் அந்தத் திரை கண்ணைப் பறிக்கும். படம் பிரகாசமாக இருக்கிறது என்று நினைத்து ஒரு ஸ்டாப் குறைத்துவிடுவீர்கள். படத்தில் வெளிச்சம் எப்படிப் பரவியிருக்கிறது என்று காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பாருங்கள். ஃபிளாஷ் வைத்து எடுக்கும்போது இதற்கு நேர்மாறாகத் திரை இருண்டுபோகும்; அப்போது அமைப்புகளின் விளைவைக் காட்டாத பார்வை முறைக்கு மாற்றிவிடுங்கள்.

பேட்டரி

டி3100 ஒரு பேட்டரியில் 550 படம். இசட் 8 330ஐ ஒட்டி. தொடர்ச்சியாக அடுக்கடுக்காய் எடுத்தால் அதைவிடப் பல மடங்கு படம் கிடைக்கும். ஆனால் வெறுமனே வியூஃபைண்டரில் கண்ணை வைத்துக்கொண்டு தாலிக்காகக் காத்திருந்தாலும் கரையும். மூன்று பேட்டரி.

பாடியின் விலையோடு கணக்கை நிறுத்துவது

சிஎஃப்எக்ஸ்பிரஸ் என்ற வேகமான மெமரி கார்டு, அதற்கான ரீடர், கூடுதல் பேட்டரிகள், ஒரு நல்ல லென்ஸ், பெரிய ரா கோப்புகளைத் திறக்கத் திணறாத கணினி, கூடுதல் ஹார்ட் டிஸ்க். இவ்வளவையும் எழுதிக் கூட்டிய பிறகு கடைக்குப் போங்கள்.

பழையதை விற்றுவிடுவது

சில ஆயிரத்துக்காகக் கொடுக்காதீர்கள். 35ஐ மாட்டி, பேட்டரியை நிரப்பி, பையின் அடியில் இரண்டாவது கேமராவாக வையுங்கள்.